பக்கத்து வீட்டுக்காரருடன் தகராறு உண்டா?

வீட்டை விற்க வேண்டுமென்றால் வாசலில் பலகை நட வேண்டும். அந்தப் பலகையை நடுவதற்கு முன்னால் ஒரு கட்டுக் காகிதம் கையில் இருந்தாக வேண்டும் என்று 2009-இல் சட்டம் வந்திருந்தது. பத்திர நகல், நகராட்சிச் சான்று, நாமே நிரப்ப வேண்டிய கேள்வித்தாள், போதாததற்கு வீடு எவ்வளவு சூட்டை வீணாக்குகிறது என்பதற்கு ஒரு சான்றிதழ். அதைச் சொல்ல ஒருவன் படித்துவிட்டு வரவேண்டுமா? ஜனவரிக் குளிரில் எங்கள் கூடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

எனக்கு அவசரம் இருந்தது. என் மனைவி ஏவ்ரிலுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. குளியலறை மாடியில். காலையில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்குவாள். வலிக்கிறதா என்று கேட்டால், "பரவாயில்ல" என்பாள். கிளீவ்லீஸில், கடற்கரையோரம், அவள் தங்கை பெரில் இருக்கும் தெருவிலேயே மாடியில்லாத சின்ன வீடு ஒன்று விலைக்கு வந்தது. அதன் சொந்தக்காரர் திரெல்ஃபால் நல்ல மனுஷன். "மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் குடுக்கல. அதுக்குள்ள உங்க வாசல்ல பலகை நிக்கணும். நிக்கலேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்றார்.

அன்று தேதி ஏழு.

இந்தக் காகிதக் கட்டைத் தயார் செய்து கொடுக்க ஆட்கள் முளைத்திருந்தார்கள். முதலில் வீட்டுத் தரகர் அலுவலகத்துக்குப் போனேன். கிர்ஸ்டி என்ற பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, காகிதமெல்லாம் தெற்கே எங்கேயோ போய்த் தயாராகி வரும், நாலு வாரம் ஆகும் என்றாள். "நாலு வாரத்துல ஒரு வீட்டையே கட்டிடலாமேம்மா" என்றேன். அதற்கும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஏவ்ரில் கேட்டாள்: "நெவில் இருக்காருல்ல? அவர் இதைத்தானே செய்றாரு?"

"எந்த நெவில்?"

"உனக்கு எத்தனை நெவில் தெரியும், வில்ஃப்?"

நெவில் பிக்கப் எங்கள் அடுத்த வீடு. ஒட்டியொட்டிக் கட்டிய வீட்டு வரிசையில் கடைசி. நாற்பது வருஷம் வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. ஓய்வுக்குப் பிறகு முன்னறையிலேயே இந்தக் காகித வேலையைத் தொடங்கியிருந்தார். ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் போனார்கள். நானும் அவரும் பேசிப் பதினாலு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். அவர் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஆலைச் சுவர். அதனால் அவர்கள் குப்பைத் தொட்டியை எங்கள் கொல்லை வழியாகத்தான் பின்சந்துக்குக் கொண்டுபோவார்கள். ஊர்க் காய்கறிக் கண்காட்சிக்கு முந்தின நாள் அவர் மனைவி டாட், நான் போட்டிக்கு வளர்த்த வெங்காயத்தின்மேல் தொட்டியைக் கவிழ்த்துவிட்டாள். ஒவ்வொன்றும் குழந்தை தலை அளவு. அவள் மன்னிப்புக் கேட்டாள். எனக்குக் கோபம் தலைக்கேறி, அன்று சாயங்காலமே இடையிலிருந்த கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். கதவைத் தட்டித் திறக்கச் சொன்னாள், நான் திறக்கவில்லை. அதற்குப்பின் அவர்கள் தொட்டியை வீட்டுக்குள் இழுத்து, கூடத்தைத் தாண்டி, முன்வாசல் வழியாக எடுத்துப் போனார்கள். டாட் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. சாவுக்கு ஏவ்ரில் போனாள். நான் ஒரு அனுதாப அட்டையைக் கதவிலிருந்த தபால் துளையில் போட்டுவிட்டு வந்தேன்.

"அந்த ஆளு படி மட்டும் ஏற மாட்டேன்" என்றேன்.

"சரி. நான் ஏறுறேன் நம்ம படிய" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடிக்குப் போனாள். ஏறி முடிக்க எவ்வளவு நேரமானது என்று எனக்குத் தெரியும். கீழேயே நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் நூலகத்துக் கணினியில் ஒரு நிறுவனத்தைப் பிடித்தேன். ஐந்தே நாள் என்று பளபளவென்று போட்டிருந்தார்கள். வீம்புக்காரனுக்கு அது போதும். விலாசம் கொடுத்து, கார்டு எண்ணைக் கொடுத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

ஆறாவது நாள் ஒரு பையன் குரல் போனில் வந்தது. "சார், உங்க வீடு இல்லை."

"என்னப்பா சொல்ற? அதுக்குள்ளதான் நின்னுட்டுப் பேசுறேன்."

"பதிவகத்துல இல்லை சார். நீங்க எப்ப வாங்குனீங்க?"

"அறுபத்தெட்டு."

"அதான். அப்புறம் கைமாறவே இல்லைல்ல, அதனால பதிவே ஆகல. பழைய பத்திரம் உங்ககிட்டதான் இருக்கும். அனுப்பி வைங்க. எங்க ஆளுங்க படிச்சுப் பாக்க ஆறு வாரம் ஆகும்."

பத்திரம் துணி அலமாரிமேல் இருந்தது. வீட்டுக்கடன் முடிந்த அன்று கொடுத்த பழுப்பு உறை, உள்ளே இளஞ்சிவப்பு நாடா போட்ட கட்டு. பிரித்ததே இல்லை. எங்கள் பக்கத்தில் யாரும் பிரிப்பதில்லை. வீடு நம்முடையது, அதில் படிக்க என்ன இருக்கிறது? இப்போது நாடாவை அவிழ்த்தால் 1881-ஆம் வருஷத்துக் கையெழுத்து. கோழி கிளறியதுபோல இருந்தது. ஒரு வரி புரியவில்லை.

இதைப் படிக்கத் தெரிந்த ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தேதி பதினாலு.

எங்கள் ஊரில் தெரிந்தவர்கள் பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவார்கள். முன்கதவைத் தட்டுவது போலீஸ்காரரும் வசூல்காரரும்தான். நான் முன்கதவைத் தட்டினேன்.

"மிஸ்டர் ஆர்மராட்," என்றார் நெவில். ஒரே வயசு, ஒரே பள்ளிக்கூடம், மிஸ்டராம். "வாங்க. உக்காருங்க. வேலை விஷயமாத்தானே வந்திருக்கீங்க?"

உறையைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தினத்தாள் படிப்பதுபோலச் சரசரவென்று படித்துக்கொண்டே போனார். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தினார்.

"இதைச் சத்தமா படிக்கணும். வாங்குறவங்களுக்குச் சொல்லியாகணும்" என்று படித்தார். கடைசி வீட்டில் குடியிருப்போர், சாம்பலும் மலமும் ஏனைய கழிவும் எடுத்துச் செல்லும் பொருட்டு, தள்ளுவண்டியுடனோ அன்றியோ, தகுந்த எல்லா நேரங்களிலும், இவ்வீட்டின் கொல்லை வழியாக என்றென்றைக்கும் போய்வர உரிமை உடையோர்.

"என்றென்றைக்குமா?" என்றேன்.

"அப்படித்தான் போட்டிருக்கு. என் பத்திரத்துலயும் இதே வரிதான்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நான் குமாஸ்தா, மிஸ்டர் ஆர்மராட். தாழ்ப்பாள் போட்ட அன்னைக்கே எடுத்துப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் காட்டல?"

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "டாட் வேண்டாம்னுட்டா. 'காகிதத்தைக் காட்டுனா அவன் திறந்துதான் ஆகணும். நான் கேட்டது காகிதத்தை வச்சா? பக்கத்து வீட்டுக்காரின்னு கேட்டேன்'னா. அப்புறம் அதைப் பத்திப் பேசவே இல்ல."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷம் அந்தப் பெண் நாறும் தொட்டியைத் தன் கூடத்துக் கம்பளத்தின்மேல் இழுத்திருக்கிறாள், அலமாரியில் உரிமையை வைத்துக்கொண்டு.

நெவில் வேலையில் இறங்கிவிட்டார். நான்கு நாளில் முடித்துவிடலாம் என்றார். கேள்வித்தாளை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். வெள்ளம் வந்ததுண்டா, கூரை மாற்றியது எப்போது, கொதிகலன் பழுது பார்த்தது எப்போது. இருபத்தோராவது கேள்வி: பக்கத்து வீட்டுக்காரருடன் தகராறு உண்டா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். பேனா அந்தரத்தில் நின்றது.

"உண்டுன்னு போட்டா யாரும் வாங்க வர மாட்டாங்களே" என்றேன்.

"வர மாட்டாங்க."

"நம்ம ரெண்டு பேருக்குள்ள இருந்துச்சு. தப்பு என் பக்கந்தான்."

"அதுக்குக் கட்டம் இல்ல" என்றார். அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு மற்றதை முடித்தார். "வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. ஏவ்ரில் கையெழுத்தும் வேணும். வாங்கிட்டு வாங்க. மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

ஏவ்ரில் தாளை மடியில் வைத்துக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து படித்தாள். நான் பத்திரத்தில் இருந்ததையும், டாட் சொன்னதையும் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபத்தோராவது கேள்வியில் விரலை வைத்தாள்.

"நெவில் எந்தக் கட்டத்தையும் காலியா விடுற ஆள் இல்லயே. மன்னிப்புக் கேட்டியா?"

"தப்பு என் பக்கம்னு சொன்னேன்."

"அது கணக்குத் தீக்குற பேச்சு. மன்னிச்சுருன்னு கேட்டியா?"

"கேக்கல."

தாளை மடித்து என் கையில் கொடுத்தாள். "கேட்டுட்டு வா. அதுவரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஏவ்ரில், தேதி ஓடுது. உன் முட்டிக்காகத்தானே இத்தனையும்."

"என் முட்டிதானே? நான் பாத்துக்குறேன். டாட் தொட்டிய இழுத்துட்டுப் போறதை ஒவ்வொரு செவ்வாக்கிழமையும் நான் ஜன்னல்ல நின்னு பாத்தேன். உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அதுக்கு நான் எப்ப மன்னிப்புக் கேக்கப் போறேனோ தெரியல. நீ போ முதல்ல."

போனேன். நெவில் கதவைத் திறந்து தாளைத்தான் பார்த்தார், என்னை அல்ல.

"கையெழுத்து எங்க?"

"போட மாட்டேங்கறா. நெவில், என்னை மன்னிச்சுரு. தாழ்ப்பாளுக்கும், சாவுக்கு வராததுக்கும். எல்லாத்துக்கும்." என்றேன்.

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். "இதை டாட்கிட்ட சொல்லியிருக்கணும், வில்ஃப்."

"ஆமா."

தாளை வாங்கிக் கதவு நிலையில் வைத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, 'இல்லை' என்ற கட்டத்தில் சரிக்குறி போட்டார். ஏவ்ரில் அன்றே கையெழுத்திட்டாள். பத்தொன்பதாம் தேதி பலகை ஏறியது, கிளீவ்லீஸ் வீடும் கிடைத்தது. இங்கே படியே இல்லை. ஏவ்ரில் காலையில் நடந்தே வந்து கெண்டியை அடுப்பில் வைக்கிறாள். அந்தச் சத்தம் கேட்டு நான் கண்விழிக்கும்போது சில நாள் டாட் நினைப்பு வருகிறது. டாட்டிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பன்னிரண்டு வருஷம் இருந்தது.