மூன்றாவது குழிக்குப் பக்கத்து வீடு

கோல்ஃப் மைதானத்துக்குள் நாங்கள் மூவருமே கால் வைத்ததில்லை. நந்தனம் பக்கம் பஸ்ஸில் போகும்போது மதிலுக்கு மேல் கொஞ்சம் பச்சை தெரியும். அவ்வளவுதான் எங்கள் அனுபவம். இருந்தும் அந்த ஞாயிற்றுக்கிழமை அபிராமபுரத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, உலகத்தில் எங்குமே இல்லாத கோல்ஃப் மைதானங்களுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தோம்.

தௌஃபீக் தரமணியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு ஒரு கோல்ஃப் வீடியோ கேம் செய்திருந்தான். ஆடுகிறவர்கள் தாங்களே அதில் மைதானம் கட்டலாம். நிஜத்தில் கட்டவே முடியாத ஒரு மைதானத்தைக் கட்டி அனுப்புங்கள் என்று போட்டி அறிவித்தான். ஜெயிக்கும் மைதானம் செய்தவரின் பெயரோடு கேமில் இடம்பெறும். கேமுக்குப் படம் வரைந்த மதுவந்தி இன்னொரு நடுவர். மூன்றாவது ஆள் நான். விளையாட்டுகளைப் பற்றி இணையத்தில் நீளமாக எழுதுகிறவன். பேச்சில் அந்த நீளம் வராது.

"அறிவு, நீ ஏதாவது சொல்லேன்" என்றாள் மதுவந்தி.

"விடு மது. இவன் வாயத் தொறக்கறதுக்குள்ள ரெண்டு அப்டேட் வந்துரும்" என்றான் தௌஃபீக்.

திமிங்கிலத்தின் முதுகில் ஒரு மைதானம், சட்னிச் சதுப்பு நிலங்களுடன் ஒரு மாபெரும் இட்லித் தட்டு என்று பலவும் வந்து போய், கடைசியில் இரண்டு மிஞ்சின. பெயர்களை மறைத்து எண்கள் மட்டும் கொடுத்திருந்தோம். நாலாம் எண், மேகத்துக்கு மேல் தீவுகள், நீர்வீழ்ச்சிகள், டிராகன்கள். தௌஃபீக் அதன் மேல் மயங்கிக் கிடந்தான். பதினோராம் எண், தி.நகரின் மொட்டைமாடிகள். வீடுகளைக் கீழேயே விட்டுவிட்டு மாடிகள் மட்டும் பிய்த்துக்கொண்டு வானத்தில் மிதக்கும். துணி காயும் கொடிதான் அவற்றைப் பறந்துவிடாமல் கட்டிப்பிடித்திருக்கும். காக்கை பந்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் போடும். யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு புடவைக்கும் தனித்தனியாக நிழல் போட்டிருந்தார். மதுவந்தி அந்த நிழல்களிலேயே விழுந்துவிட்டாள்.

சிக்கல் மூன்றாவது குழியில் வந்தது. அங்கே முதல் அடியை எப்படி அடித்தாலும் பந்து மாடியிலிருந்து உருண்டு, கீழே பச்சை கேட் போட்ட ஒரு வீட்டுக்குள் விழும். மற்ற மைதானங்களில் என்றால் ஓர் அடி தண்டனையோடு புதுப் பந்து வரும். இங்கே ஆட்டக்காரனே படியிறங்கிப் போய் கேட் முன்னால் நிற்பான். திரையில் ஓர் அழைப்பு மணி. அழுத்தினால் அடிக்கும். யாரும் வரமாட்டார்கள்.

தௌஃபீக் மணியை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். பிறகு கட்டை விரலை எடுக்கவே இல்லை.

"பக்கு மச்சி. செஞ்சவன் கதவு தொறக்கறதுக்கு புரோகிராம் எழுத மறந்துட்டான்."

"மறக்கல. எங்க தெருல கிரிக்கெட் ஆடறச்சே இதானே ரூல்? அடிச்சவன்தான் போய்க் கேட்டு வாங்கிண்டு வரணும்" என்றாள் மதுவந்தி.

"கேட்டுக்கினுதான கீறேன்! காது கேக்கலன்னா நான் இன்னா பண்றது?"

அவளும் ஆடிப் பார்த்தாள். அவள் மணி அடித்த விதத்தில் கொஞ்சம் மரியாதை இருந்தது, அடித்த எண்ணிக்கையில் இல்லை. கதவு அசையவில்லை. நடுவர்களில் ஒருவராலும் ஆடி முடிக்க முடியாத மைதானம் தள்ளுபடி என்பது முதல் நாளே அறிவித்த விதி. மாலையில் முடிவு சொல்லியாக வேண்டும்.

"நான் தொழுதுட்டு வரேன். வந்ததும் நாலாம் நம்பர அறிவிச்சிடலாம்" என்று தௌஃபீக் உள்ளறைக்குப் போனான்.

"இத அவ்ளோ ஈஸியா தூக்கிப் போட்டேன்னா, அந்த டிராகனுக்கெல்லாம் நீயே கலர் அடிச்சுக்கோ" என்று அவன் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மதுவந்தி பஜ்ஜி வாங்கக் கீழே இறங்கினாள்.

நான் என் பெயரில் புதிதாக ஆட்டத்தைத் தொடங்கினேன். மூன்றாவது குழி. பந்து விழுந்தது. பச்சை கேட். ஒரு தடவை மணி அடித்தேன்.

இரண்டாவது தடவை அடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நிஜத்திலும் அப்படித்தான். ஒரு வீட்டு வாசலில் இரண்டாவது மணி அடிக்க முடியாமல் நான் திரும்பி வந்த சந்தர்ப்பங்கள் உண்டு. கேம் கருவியை மடியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டில் சொருகிய செய்தித்தாள். வாசலில் ஒற்றைச் செருப்பு. சற்று நேரத்தில் ஒரு பூனை வந்து அந்தச் செருப்பின் மேல் படுத்தது. மணியை விடாமல் அடித்தவர்கள் யாரும் இந்தப் பூனையைப் பார்த்திருக்கமாட்டார்கள் என்று தோன்றியது. பின் எதுவும் தோன்றவில்லை. பூனை தூங்கியது. நானும் ஏறக்குறைய அப்படித்தான்.

பச்சை கேட் வீட்டின் ஜன்னல் திரை விலகியது. கதவு திறந்து நைட்டியின் மேல் துண்டு போட்ட ஓர் அம்மா வந்தாள். குரல் யாரோ வீட்டில் பதிவு செய்தது. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"இன்னாப்பா, வெயில்ல நின்னுக்கினு கீற? அடுப்பாண்ட இருந்தேன். இந்தா பந்து. செடி மேல அடிக்காம ஆடு."

மதுவந்தி பஜ்ஜிப் பொட்டலத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "தௌஃபீக்!" என்று கத்தினாள். அவன் தொழுகையை முடித்துத் தொப்பியோடு ஓடி வந்தபோது நான் நாலாவது குழியில் இருந்தேன். இருட்டுவதற்குள் பதினெட்டுக் குழிகளும் முடிந்தன.

"சரி, பக்கு இல்ல. ஆனா ஓரமா 'காத்திருக்கவும்'னு எழுதிப் போட்டுரலாம். எவனுக்குப் புரியும் இது?" என்றான் தௌஃபீக்.

"வேணாம்" என்றேன்.

தௌஃபீக் பஜ்ஜியைக் கீழே வைத்தான். "மது, கேட்டியா? பேசிட்டான்! நைனா, இன்னொரு தபா சொல்லு, ரெக்கார்டு பண்ணிக்கிறேன்."

"எழுத வேணாம்."

அவன் கையைத் துடைத்துக்கொண்டு கருவியை எடுத்தான். "அந்தம்மா எனக்கும் வந்து குடுத்தாத்தான் என் ஓட்டு. மூணு பேரும் ஒத்துக்கினாதான் பரிசு."

விட்ட இடத்திலிருந்து தன் ஆட்டத்தைத் திறந்தான். பச்சை கேட். மணியைத் தொடாமலிருக்க இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். சற்றைக்கெல்லாம் கால் ஆட ஆரம்பித்தது. மதுவந்தி அவன் முழங்காலைப் பிடித்து அமுக்கினாள். பூனை வந்தது. "ஐ, பூனை!" என்றான். "உஷ்" என்றாள். அவனிடமிருந்து அத்தனை நீண்ட மௌனத்தை நான் கேட்டதே இல்லை.

திரை விலகியது. கதவு திறந்தது. அதே அம்மா, அதே நைட்டி. ஆனால் இந்தத் தடவை கையில் அரிவாள்மணை.

"எத்தினி தபா அடிப்ப? வூட்ல கொயந்த தூங்குதில்ல? இந்தா!"

கேட்டுக்கு மேல் வந்து விழுந்தது பந்து. இரண்டு பாதியாக.

பிறகு தௌஃபீக் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது அப்பிடியே எங்க தெரு சாய்மா ஆன்ட்டி மச்சி! எத்தன பந்து இப்பிடிப் போச்சு எனக்கு!" என்றான்.

"இப்ப இத வச்சுண்டு எப்படி ஆடுவே?" என்றாள் மதுவந்தி.

"ஆடித்தான் பாக்கணும்."

மாடி ஏறி, ஒரு பாதியை வைத்து மெதுவாகத் தட்டினான். அது உருளவில்லை. தட்டைப் பக்கத்தில் விழுந்தது, எழுந்தது, வட்டம் போட்டது, ஒரு பாவாடை நிழலைக் கடந்து, குழியின் விளிம்பில் வந்து தலையாட்டிக்கொண்டு நின்றது. தௌஃபீக்கின் கட்டை விரல் பொத்தானை நோக்கிப் போனது.

"தொடாதே" என்றேன்.

அவன் கையை மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொடியில் புடவை ஒரு தடவை படபடத்தது. பாதிப் பந்து உள்ளே விழுந்தது.

"பதினொண்ணு" என்றான் தௌஃபீக், பஜ்ஜிக்குக் கையை நீட்டியபடி. "பேர மறைச்சிருக்கோமே மது, அதத் தொற. யாருன்னு பாக்கலாம்."