அறையில் படுத்திருக்கும் மழை மாமா

கப்பல் கிளம்புவதற்கு மாதக்கணக்கில் முன்னாலேயே அதில் போகிறவர்களின் வாட்ஸ்அப் குழு கிளம்பிவிட்டது. எந்தத் துறைமுகத்தில் இறங்கினால் நடந்தே ஊரைப் பார்க்கலாம், தடுப்பூசி அட்டையை செல்போனில் காட்டினால் விடுவார்களா, காலையில் முட்டை எத்தனை விதமாகப் போடுவார்கள் என்று விடிந்ததும் ஆரம்பித்தால் வாய் ஓயாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூட்டுவலி, யார் மருமகளோடு பேசுவதில்லை என்பது வரை எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் குழுவின் செல்லப்பிள்ளை மழை மாமா. கூரை போடும் வேலை பார்த்து ஓய்ந்தவர். மழைக்கு முன்னால் ஓட்டையை மூடாவிட்டால் வீட்டுக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிய தொழில். அதனால் வானத்தை அண்ணாந்து பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது. யாராவது ஒரு துறைமுகத்தின் பேரைச் சொன்னால் போதும், அங்கே காற்று எப்படி, அலை எப்படி என்று தோண்டித் துருவி, "குடை வேணும், வழுக்காத செருப்பா போட்டுக்கோங்க" என்று எழுதிவிடுவார். அவர் மனைவி தையல்காரி. அவளும் குழுவில் இருந்தாள், ஒரு வரி எழுதியதில்லை. மாமாவின் மனைவி என்பதால் அவளுக்கு அத்தை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

கப்பல் ஏற இரண்டு மாதம் இருக்கும்போது மழை மாமா செத்துப்போனார். காலையில் பல் தேய்க்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

அழ வந்த உறவெல்லாம் கலைந்துபோன அன்று சாயங்காலம் அவர் செல்போன் மணி அடித்தது. குழுவில் தட்டு அண்ணன் கேட்டிருந்தார். எதைச் சாப்பிட்டாலும் முதலில் தட்டைப் படம் எடுத்துப் போடுகிறவர் என்பதால் அந்தப் பேர். "மாமா, ஆளையே காணோம்! நாம போற மாசம் ரெண்டாவது துறைமுகத்துல மழை இருக்குமா?"

தையல்காரி அதே செல்போனில் 'அவர்' என்று அடித்தாள். மேலே விரல் ஓடவில்லை. அடித்ததை அழித்துவிட்டு, "தூறல்தான். தைரியமா வாங்க" என்று அனுப்பினாள். உடனே கைதட்டும் படங்களாக வந்து குவிந்தன.

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரும் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். அவர் இல்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் செத்துவிட்டார். தெருவில் செத்துவிட்டார். மகள் வாயில்கூட 'அப்பா இருந்தப்போ' ஆகிவிட்டார். அந்தக் குழு ஒன்றில்தான் மனுஷன் இன்னும் உயிரோடு இருந்தார். அங்கேயும் தன் கையால் அவரைச் சாகடிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"தனியா எதுக்கும்மா போற?" என்று மகள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். கேட்டால்தானே?

கப்பலில் முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் குழு முழுக்க ஒரு மேசையைச் சுற்றிக் கூடிவிட்டது. "மாமா எங்கே, மாமா எங்கே?" என்று பிடுங்கி எடுத்தார்கள்.

"அவருக்கு ஒரே தலைசுத்தல், வாந்தி. படுத்திருக்கார்" என்றாள்.

"ஊருக்கெல்லாம் அலை சொன்னவருக்கே அலை ஒத்துக்கலையா!" என்று தட்டு அண்ணன் சிரித்தார். மேசைக்கு அடியில் கைப்பைக்குள் வைத்தே அவர் செல்போனிலிருந்து அவள் பதில் அனுப்பினாள்: "சிரிங்க, சிரிங்க. நாளைக்கு உங்களுக்கு வரும்." மேசையே அதிர்ந்தது. அவளும் சிரித்தாள். எத்தனையோ நாள் கழித்து வந்த சிரிப்பு.

பொய் அங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் தட்டு அண்ணன் அவளைப் படிக்கட்டில் மடக்கினார். "மாமாவைப் பாத்துட்டேன் அத்தை! காலையில மேல் தளத்துல. கம்பியில சாஞ்சு, ஒத்தைக் கண்ணை மூடிக்கிட்டு வானத்தை அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்தார். மாமான்னு கூப்பிட்டேன். திரும்பிச் சிரிச்சார். படுத்திருக்கிறவரை ஏன் வெளியே விட்டீங்க?"

 வெயில் கூசும் என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது கூரைமேல் நின்று நின்று அவருக்கு வந்த பழக்கம். அதை அவர் குழுவில் எழுதியதே இல்லை.

மேல் தளத்துக்கு ஓடினாள். ஈரத் தரை, நாற்காலிகள், துண்டு மடிக்கிற பணியாள். வேறு யாரும் இல்லை. யாரோ ஒரு கிழவர் வெயிலுக்குக் கண்ணை மூடியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு அடுத்த தளத்துக்குப் போனாள். அதற்கடுத்ததற்கும் போனாள்.

அன்று முதல் அவளுக்கு அதுவே வேலை. நீச்சல் குளத்தங்கரை, சீட்டாடும் அறை, துவைக்கும் இயந்திரங்கள் ஓடும் அறை, எங்கே ஒரு வழுக்கைத் தலை தெரிந்தாலும் முன்னால் போய் முகத்தைப் பார்த்தாள். துறைமுகம் வந்தது, எல்லாரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை. ஆள் குறைந்தால் தேடச் சுலபம்.

அறைக்கு இரண்டு தட்டில் சாப்பாடு கொண்டு போனாள். இரண்டாவது படுக்கையைத் தட்டிப் போட்டாள். ஊரிலிருந்து எடுத்து வந்த அவர் செருப்பை அதன் ஓரமாக வைத்தாள். கப்பல் சாயும்போதெல்லாம் குளியலறைக் கதவு மெல்லத் திறந்து மூடியது. உள்ளே யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் குழாய் கரகரத்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சத்தம் நின்றால் அதைவிடப் பயமாக இருந்தது. "தண்ணி வேணுமா?" என்று ஒருமுறை கேட்டே விட்டாள்.

அதற்குள் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு. வாந்தி, காய்ச்சல் இருப்பவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும், நோய் பரவினால் அடுத்த துறைமுகத்தில் யாரையும் இறங்க விடமாட்டார்கள் என்று ஒலிபெருக்கி கத்தியது. குழுவில் ஒரு பல் டாக்டரம்மா உண்டு. கை கழுவாதவனைக் கண்டால் அவளுக்கு ஆகாது. "மாமாவுக்கு முதல் நாள்லேர்ந்தே வாந்தின்னு அத்தை சொன்னாங்க. இன்னுமா டாக்டர்கிட்ட காட்டலை?" என்று எழுதினாள். எழுதியதோடு விடாமல் கப்பல் மருத்துவமனைக்கும் போன் போட்டுவிட்டாள்.

மதியம் கதவு தட்டப்பட்டது. முகக்கவசமும் கையுறையுமாக ஒரு நர்ஸ்.

"உங்க வீட்டுக்காரரைப் பாக்கணும்மா."

தையல்காரி பாதிக் கதவை மறித்து நின்றாள்.

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, இந்த அறைக்கு ரெண்டு பேர் பதிவு. ஆனா நீங்க ஒருத்தர்தான் ஏறினதா மெஷின் காட்டுது. வெளியில கேட்டா, அவர் உள்ளே படுத்திருக்கார், மேல் தளத்துல பாத்தோம்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. தடுப்பூசி போடாததால திருட்டுத்தனமா ஏத்திட்டீங்களா? உண்மையைச் சொல்லுங்க. நான் பாக்காம போனா காவல்காரங்க வந்து பாப்பாங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"பாருங்க" என்று கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.

நர்ஸ் உள்ளே வந்தாள். தொடாத தட்டைப் பார்த்தாள். ஆண் செருப்பைப் பார்த்தாள். அவள் சந்தேகம் உறுதியாகிவிட்டது. "ஐயா, வெளியே வாங்க. ஒண்ணும் பண்ண மாட்டோம்" என்று சொல்லிக்கொண்டே அலமாரியைத் திறந்தாள்.

தையல்காரிக்கு மாட்டிக்கொள்வோம் என்ற பயமே வரவில்லை. படித்த பெண், விவரமானவள், கப்பலின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவள், இவ்வளவு நம்பிக்கையோடு அவரைக் கூப்பிடுகிறாளே! தான் தேடிக் கிடைக்காதவர் இவள் தேடினால் கிடைத்துவிடக் கூடாதா என்று ஒரு பாழும் ஆசை அவளைப் பிடித்து உலுக்கியது.

"பால்கனியில பாருங்க" என்றாள். நர்ஸ் பார்த்தாள்.

"குளியலறையில திரைக்குப் பின்னாடி. சத்தம் அங்கேதான் கேக்கும்."

நர்ஸ் போய்த் திரையை விலக்கும் சத்தம் கேட்டது. தையல்காரி குளியலறை வாசலையே பார்த்தாள். நர்ஸ் மட்டும் வெளியே வந்தாள்.

"கட்டிலுக்கு அடியில?"

நர்ஸ் மண்டிபோட்டு விளக்கடித்துப் பார்த்தாள். எழுந்து தையல்காரியின் முகத்தைப் பார்த்ததும்தான் அந்தப் பெண்ணுக்கு ஏதோ புரிந்தது. முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"யாரும் இல்லையேம்மா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்மா. இல்லை."

"இல்லையா?" என்று கேட்டாள் தையல்காரி. இரண்டு மாதமாக வராத அழுகை தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "நானும் பாத்துட்டேன்மா. கப்பல் பூரா பாத்துட்டேன்."