வெட்டாத கப்பல்

மரக்காணம் உப்பளத்து எடைமேடையில் ரசீது போடும் ஜான்சிக்கு ஒரு பைத்தியம் உண்டு. கப்பலைப் பற்றியும் கப்பல் கட்டுவதைப் பற்றியும் சிறுவர்களுக்காக வந்த பழைய புத்தகம் எங்கே கிடைத்தாலும் வாங்கிவிடுவாள். பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வெயிலில் குந்தி உட்கார்ந்து தேடுவாள். வாங்கியதை உப்புக்காற்று அரிக்காமல் புடவைத் துணியில் சுற்றி பீரோவில் வைப்பாள்.

அவளைப் பல வருடமாக அலையவிட்டது ஒரே புத்தகம்தான். ‘தம்புவின் பாய்மரக் கப்பல்’ என்று பெயர். அதன் நடுவில் கெட்டி அட்டையில் பெரிய மடிப்புத் தாள் ஒன்று இருக்கும். அதிலுள்ள பக்கப் பலகை, பாய், சுக்கான் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டினால் முழங்கை நீளத்துக்குக் கப்பல் ஒன்று எழுந்து நிற்குமாம். ஜான்சியிடம் அந்தப் புத்தகம் மூன்று பிரதி இருந்தது. மூன்றிலும் நடுத்தாள் இல்லை. எந்தக் காலத்துப் பிள்ளைகளோ வெட்டித் தீர்த்திருந்தார்கள்.

“வெட்டுறதுக்குன்னு குடுத்தா வெட்டாம என்ன பண்ணுவாங்க?” என்பான் அவள் கணவன் பிரபாகரன். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பழைய புத்தகம் தேடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் அந்தப் புத்தகத்தின் படம் ஒன்று வந்தது. அனுப்பியவர் கிளியனூர் விவசாயி சக்கரபாணி. ஜான்சி உடனே போன் போட்டாள்.

“நடுத்தாளு அப்படியே இருக்குதும்மா. கத்திரிக்கோலத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்னாரு எங்கப்பா. அந்த பயத்துலயே நான் வெட்டல” என்றார் அவர்.

“ஐயா, தண்ணி கிண்ணி படாம, கசங்காம பத்திரமா வெச்சிருங்க. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்.”

“நான் பாத்துக்கறேன், நீ கவலையே படாத.”

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போய், பஸ் மாறி, வழி நெடுக நின்றுகொண்டே கிளியனூர் போய்ச் சேர்ந்தாள். சக்கரபாணியின் மனைவி லட்சுமியம்மாள் மோர் கொடுத்தாள். அவர் உள்ளேயிருந்து நீல பிளாஸ்டிக் அட்டை போட்ட ஒரு தாள்கட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஓரத்தில் சுருள் கம்பி மாட்டியிருந்தது.

“புக்கு எங்கைய்யா?”

“இதாம்மா.”

ஜான்சி திறந்தாள். ஒவ்வொரு பக்கமும் லேமினேஷனுக்குள் பளபளவென்று கிடந்தது. நடுத்தாளைத் தேடிப் புரட்டினாள். அது ஒரே தாளாக இல்லை. கப்பலின் வயிற்றுக்கு நேராக வெட்டுப்பட்டு, இரண்டு தாளாக இருந்தது.

“மெஷின்ல ஒரே ஷீட்டா போகல. அதான் நடுவுல வெட்டிப் போட்டாங்க. இனிமே மழையில நனைஞ்சாகூட ஒண்ணும் ஆகாது” என்றார் சக்கரபாணி பெருமையாக.

“புக்கோட பழைய அட்டை?”

“அது கிழிஞ்சி கெடந்துச்சி. ஜெராக்ஸ் கடைக்காரப் பொண்ணு ஆண்டாள்கிட்டயே தூக்கிப் போட்ரும்மான்னுட்டேன்.”

“நீ போன் பண்ணதுலேந்து இதே வேலையா திண்டிவனத்துக்கும் ஊட்டுக்கும் அலைஞ்சாரும்மா” என்றாள் லட்சுமியம்மாள்.

பத்திரமாக வைக்கச் சொன்னவளே இவள்தான். மோரைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். திண்டிவனத்தில் இறங்கி அந்த ஜெராக்ஸ் கடையைத் தேடிப் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை, ஷட்டர் இறக்கியிருந்தது. பக்கத்துக் குப்பையைச் செருப்புக் காலால் கிளறிப் பார்த்தாள். யாருடைய ஆதார் நகலோ வந்தது, அட்டை வரவில்லை.

வீட்டில் பிளேடால் லேமினேஷனின் ஒரு மூலையை உரித்துப் பார்த்தாள். கடலின் நீலம் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. அடியில் வெள்ளைத் தாள்தான் மிஞ்சியது. அந்த வாரம் முழுக்க எடைமேடையில் லாரிக்காரர்கள்மேல் எரிந்து விழுந்தாள்.

மழை பெய்து லாரி வராத ஒருநாள் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“ஏய், வெட்டாதது வேணும்னுதான இவ்ளோ அலைஞ்ச?” என்றான் பிரபாகரன்.

“அதான் ஏற்கெனவே வெட்டிட்டாங்களே. கப்பலாவது பாக்கறேன்.”

அதுவும் சுலபத்தில் நடக்கவில்லை. பிளாஸ்டிக்கில் பசை நிற்கவில்லை. மடித்த இடமெல்லாம் வெடுக்கென்று நிமிர்ந்துகொண்டது. செல்லோடேப் போட்டு முன்பக்கத்தைச் சேர்த்தால் பின்பக்கம் வாயைப் பிளந்தது. பிரபாகரன் இரண்டு கையாலும் கப்பலை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

அப்போது போன் அடித்தது. சக்கரபாணி.

“புக்கு எப்படிம்மா இருக்குது?”

“நல்லாருக்குதுங்க ஐயா” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

“பரண்ல இன்னும் ரெண்டு புக்கு கெடைச்சிச்சி. அதுலயும் கப்பல் படந்தான். நாளைக்கு திண்டிவனம் போறேன், அப்படியே…”

“ஐயா! தொடாதீங்க! எதையும் தொடாதீங்க! இப்பவே வர்றேன்!”

போனை வைத்துவிட்டு எழுந்து செருப்பைத் தேடினாள். “வண்டிய எடு.”

“மழை பெய்யுதுடி. இத என்ன பண்றது?”

“விடு அத.”

அவன் கையை எடுத்தான். கப்பல் படக்கென்று விரிந்து தரையில் தட்டையாகக் கிடந்தது. ஜான்சி திரும்பிக்கூடப் பார்க்காமல் மழையில் இறங்கினாள்.