தொட்டி காலியாகக் கூடாது

பெரியத்தான் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னறைக் கண்ணாடி மேசையின் நடுவில் வைத்தார். உள்ளே இருந்தது பார்வைக்கு ரோடு போடுகிற தார் மாதிரி இருந்தது. டப்பாவைச் சாய்த்துக் காட்டினார், அது நகரவில்லை. அவருடைய காரின் எஞ்சினிலிருந்து மெக்கானிக் சுரண்டி எடுத்துக் கொடுத்ததாம். உச்சி வெயிலில் நெடுஞ்சாலை நடுவே எஞ்சின் இறுகி வண்டி நின்றுவிட, பின்னால் வந்த லாரிக்காரன் இறங்கி வந்து அவருடைய பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனானாம். இவ்வளவையும் சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தார். அந்தத் தம்பிதான் என் அக்காவின் கணவர். நான் அத்தான் என்று கூப்பிட்டுத் தொலைக்க வேண்டிய மனிதர். அவர் பதற்றப்படவில்லை. டப்பாவுக்குள் ஆள்காட்டி விரலை விட்டு எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

"எண்ணெய் மேல தப்பில்லண்ணே. ஊத்துன கை சரியில்ல."

அத்தான் சமையல் எண்ணெய் மொத்த வியாபாரி. கடையின் பின்கட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி நிற்கிறது. அவருடைய அப்பா காலத்திலிருந்து அது ஒரு நாளும் காலியானதில்லை. தொட்டி காலியானால் கடை காலியாகும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. பாதி இறங்கியதும் புதுச் சரக்கை மேலே ஊற்றிவிடுவார்கள். அடியில் கிடப்பது எந்த வருஷத்து எண்ணெய் என்பது கடவுளுக்கும் சில கரப்பான்பூச்சிகளுக்கும் மட்டுமே தெரியும். நானும் வியாபாரிகளுக்கு நடுவில் வளர்ந்தவன்தான். எங்கள் இரும்புக் கடையில் துருப்பிடித்த ஆணியைப் புது ஆணியோடு கலந்து நிறுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன், போட்டும் இருக்கிறேன். ஆனால் அந்த ஆணியை எங்கள் வீட்டுக் கதவில் நாங்கள் அடித்ததில்லை. அத்தானோ தொட்டிக்கு வைத்திருந்த சட்டத்தையே தன் காருக்கும் போட்டார். எஞ்சின் எண்ணெய் குறைந்தால் ஒரு டின் வாங்கி மேலே ஊற்றலாம். அடியைத் திறந்து இறக்குவது என்ற பேச்சே கூடாது. நல்ல எண்ணெயை எவனாவது சாக்கடையில் விடுவானா என்று கேட்பார். எண்ணெய் பற்றி அவரிடம் யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிட முடியாது. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய், விளக்கெரிக்கிற எண்ணெய், பாலைவனத்தில் தோண்டி எடுக்கிற எண்ணெய் எல்லாமே அவருடைய இரண்டு விரல்களுக்கு நடுவில் அடக்கம்.

கார் அக்காவிடம் வந்தது ஒரு பேரத்தில். அவள் நகருக்கு வெளியே ஒரு மருந்து ஆலையில் தரப் பரிசோதனை செய்கிறவள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கல்யாணமான புதிதில், மனைவி வேலைக்குப் போவது அத்தானுக்கு ஒரு மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொன்னால் கஞ்சன், கொடுமைக்காரன் என்று பேர் வரும். சரி என்று சொல்லவும் மனசு இல்லை. தன் பழைய வெள்ளைக் காரைக் காட்டி, எங்கள் அப்பாவுக்கு முன்னால் வைத்தே சொன்னார்: "இந்த வண்டி ஓடுற வரைக்கும் போயிட்டு வரட்டும். இது நின்னா அவளும் நின்னுக்கணும். வேற வண்டி கேக்கக் கூடாது." வண்டி அப்போதே இருமிக்கொண்டிருந்தது. ஒரு மழைக்காலம் தாண்டாது என்பது அவருடைய கணக்கு. அக்கா மறுபேச்சில்லாமல் சரி என்றாள். எங்கள் வீட்டில் ஒருவர் அவ்வளவு சீக்கிரம் பேரத்துக்குப் படிந்தால் எதிராளி தன் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. அத்தான் தடவிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா, தம்பி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, வண்டியை என் கடைக்குப் பின்னால் இருக்கிற ஒர்க் ஷாப்பில் விட்டாள். மெக்கானிக் அடி நட்டைக் கழற்றினார். ரொம்ப நேரம் எதுவும் வரவில்லை. பிறகு வந்தது. இது எண்ணெயா இல்லை யாராவது செய்த பாவமா என்று கேட்டார் அவர். புது எண்ணெய் ஊற்றி, ஃபில்டர் மாற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு மறுபடி ஊற்றினார். அதிலிருந்து சில மாதங்களுக்கு ஒரு முறை அக்காவுக்குத் தம்பி பாசம் பொங்கும். வண்டி தையல் மெஷின் மாதிரி ஓட ஆரம்பித்தது. அத்தானைக் கையில் பிடிக்க முடியவில்லை. கடைவீதி முழுக்கத் தன் வைத்தியத்தைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். எண்ணெய் மாத்தாத எஞ்சினைப் பார்க்க வேண்டுமா, என் வீட்டுக்கு வா. வந்தவர்களும் பானெட்டைத் திறந்து பார்த்து, வாயைப் பிளந்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருவர் பெரியத்தான். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஓய்வெடுக்கலாம் என்று ஒரு பழைய காரை வாங்கி, தம்பி சொன்னபடி மேலே மேலே ஊற்றிக்கொண்டிருந்தவர். அதன் பலன்தான் இப்போது கண்ணாடி மேசை மேல் இருந்தது.

"கை சரியில்லன்னா, உன் வண்டி மட்டும் எப்படிடா ஓடுது?" என்றார் பெரியத்தான்.

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் போல அத்தான் எழுந்தார். பெரியத்தான், அக்கா, நான் என்று எல்லோரையும் வாசலுக்கு அழைத்துப்போய்ப் பானெட்டைத் தூக்கினார். எண்ணெய் அளக்கிற குச்சியை உருவித் தன் வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு இழுப்பு இழுத்தார். தேன் நிறத்தில் ஒரு கோடு. பளிச்சென்று இருந்தது. இருக்காதா பின்னே, போன வாரம்தான் நானே டின்னை உடைத்துக் கொடுத்தேன். அத்தான் கைக்குட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு, பட்டுத் துணி விற்கிறவன் மாதிரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். பெரியத்தானும் காலமெல்லாம் எண்ணெய் விற்றவர்தான். பழசு எது, புதுசு எது என்று கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரே தொட்டியில் முக்கி எடுத்த இரண்டு மண்டைகள். அவர் கைக்குட்டையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், கடைசியில் ஒரு வியாபாரி கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"அப்ப இத எனக்குக் குடுத்துடு. உன் பேச்சக் கேட்டுத்தான என்னுது போச்சு."

நியாயமான பேரம்தான். அத்தானுக்கு இதில் நஷ்டம் என்று எதுவும் படவில்லை. தன் வைத்தியத்தின் மகிமையை அண்ணனே ஒப்புக்கொண்டுவிட்டார். ஒரு பழைய வண்டி போனால் என்ன. அதோடு வேலைக்குப் போகிற தொல்லையும் சேர்ந்தே ஒழியும். அக்காவின் பக்கம் திரும்பாமலே சாவிக்காகக் கையை நீட்டினார். அவள் சாவியை நீட்டவில்லை.

நான் எனக்குத் தெரிந்த தொழிலைச் செய்து பார்த்தேன். சரக்கை மட்டம் தட்டினேன். கிளட்ச் வழுக்குகிறது, கதவு மழையில் ஒழுகுகிறது, கியர் மாற்றும்போது எலும்பு முறிகிற சத்தம் வருகிறது என்றெல்லாம் பெரியத்தான் காதில் போட்டேன். வாங்க வந்தவன் மனதைக் கலைக்க இது போதும். ஆனால் விற்கிறவன் இப்படிப்பட்டவனாக இருந்தால் என்ன செய்வது. நான் ஒரு குறை சொன்னால் அத்தான் இரண்டு பெருமை சொன்னார். "நீ ஆணி விக்கிறவன் மாப்ளே, உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்," என்று என் தோளைத் தட்டினார். இலவசமாகக் கொடுக்கிற பொருளுக்கு இவ்வளவு விளம்பரம் செய்த ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அப்போதுதான் அக்கா பேசினாள். குரலை உயர்த்தவில்லை. ஆலையில் ஒரு மருந்தைத் தள்ளுபடி செய்யும்போது இப்படித்தான் பேசுவாள் போலிருக்கிறது.

"எடுத்துக்குங்க பெரியத்தான். ஆனா எண்ணெய அப்பப்ப முழுசா இறக்கிட்டு மாத்தணும். நான் அப்படித்தான் மாத்திட்டு வரேன். இல்லன்னா இதுவும் உங்க வண்டி மாதிரியே ரோட்டுல நிக்கும்."

பெரியத்தான் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அத்தான் கைக்குட்டையை மறுபடி விரித்தார். அந்தக் கோட்டில் விரலை வைத்துத் தேய்த்தார், முகர்ந்தார், கண்ணை மூடினார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். உதடு கொஞ்சம் தொங்கிற்று. பிறகு அந்த முகம் பழையபடி மூடிக்கொண்டதையும் பார்த்தேன். கல்லாப்பெட்டி மூடுவது மாதிரி.

"பொய் சொல்றா," என்றார் அண்ணனிடம். "பழைய எண்ணெய்ண்ணே இது. எனக்குத் தெரியாதா? வண்டிய விட்டுட மனசு வராம கதை கட்டுறா."

கட்டிய மனைவியை நாலு பேருக்கு முன்னால் பொய்க்காரி ஆக்குவது அவருக்குச் சுலபமாக இருந்தது. இரண்டு விரல்களைச் சந்தேகிப்பதுதான் முடியவில்லை. நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். மூடிக்கொள்வது எனக்கும் நன்றாக வரும்.

ஆனால் பெரியத்தானின் கண்ணில் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது. அதை அப்படியே விட அத்தானால் முடியாது. வண்டி எங்கேயும் போகாது, என் வாசலிலேயே நிற்கும், என்றார். அண்ணன் வண்டி தயாராகும் வரை கடை வேனை எடுத்துக்கொள்ளட்டும். இவளே ஓட்டட்டும், வேலைக்கும் போகட்டும், ஆனால் இனிமேல் ஒரு சொட்டு இறங்கக் கூடாது. எண்ணெய் மாத்தாமலே ஓடுகிறதா இல்லையா என்று ஊரே பார்க்கட்டும். நின்றுபோனால்? நின்றால் பழைய பேச்சுதான், அவளும் நிற்பாள். பெரியத்தான், யாரும் திருட்டுத்தனமாக மாற்றவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். அவரும் அந்த வீட்டு ஆள்தானே.

அத்தான் வேனுக்குப் போய் எண்ணெய் டின்களுக்கு முத்திரை வைக்கிற சாமான்களை எடுத்துவந்தார்: மெல்லிய கம்பி, ஈயக் குண்டு, கடைச் சின்னம் பொறித்த இடுக்கி. அடி நட்டைக் கம்பியால் கட்டி முத்திரை வைத்துவிட்டால் எவன் தொட்டாலும் தெரிந்துவிடும். வெள்ளையும் சொள்ளையுமாக இருந்தவர் ஒரு கோணிச் சாக்கை விரித்து, மூச்சு வாங்க, தவழ்ந்து வண்டிக்கு அடியில் போனார். தொந்தி முட்டியது. பக்கவாட்டில் நெளிந்து நுழைந்தார். வெளியே இரண்டு கால்களும் பாலிஷ் போட்ட செருப்புகளும் மட்டும் தெரிந்தன. உள்ளே இடுக்கி எதிலோ இடித்தது. அந்த அடிப்பக்கத்தை அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏய், இங்க ரெண்டு நட்டு இருக்கு. எதுடி அது? இந்தப் பின்னால இருக்கறதுதானே?"

அக்கா புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் நானும் குனிந்தேன். அத்தானுடைய விரல்கள் கியர் பெட்டியின் நட்டைப் பிடித்திருந்தன. வருஷக்கணக்கில் யாரும் தொடாத நட்டு. எஞ்சின் நட்டு அதற்கு முன்னால், மெக்கானிக்கின் ஸ்பானர் பட்டுப்பட்டு விளிம்பெல்லாம் பளபளத்துக்கொண்டு இருந்தது.

"அதேதாங்க," என்றாள் அக்கா.

கம்பி இரண்டு சுற்றுச் சுற்றியது. அத்தான் நாக்கை வெளியே நீட்டிக் கடித்துக்கொண்டு, ஈயக் குண்டை இடுக்கிக்குள் வைத்து, இரண்டு கையாலும் பலமாக அழுத்தினார். சட்டைக் கை முழுக்கக் கறுப்பாகியிருந்தது. அக்கா எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். கையில் சாவி இருந்தது.