உள்சட்டிக்குச் சொன்ன விலை

மெத்தைக்காரர் தன் வாழ்நாளில் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போதுகூட, 'பாத்துப் போட்டுக் குடுங்க' என்பதுபோல் கண்டக்டரின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் காசை நீட்டுவார். கல்யாண மோதிரம் வாங்கப் போன இடத்தில் அவர் பேசிய பேச்சில், கடைக்காரன் மோதிரத்தோடு தன் சொந்தக் குடையையும் கொடுத்து அனுப்பிவைத்தான் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்வாள். குடை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது.

அப்படிப்பட்டவர் வீட்டுச் சமையலறையில், புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பெரிய சத்தமில்லை. சுவர்க் கடிகாரம் ஒரே ஒரு தடவை அடித்தால் எப்படி இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் கிடையாது. சத்தம் வந்தது, பாத்திரம் கழுவும் தொட்டியில் கிடந்த ஸ்லோ குக்கரின், மின்சாரத்தில் மெதுவாக வேகவைக்கிற அந்தக் குக்கரின், பீங்கான் உள்சட்டியிலிருந்து. ராத்திரி முழுக்க மிதமான சூட்டில் கஞ்சி வெந்த சட்டி. கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, மெத்தைக் கடையைத் திறக்க நேரமாகிவிட்டதே என்று சூடு ஆறுவதற்குள் அதைத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்துவிட்டார் மனிதர்.

குனிந்து பார்த்தார். விளிம்பிலிருந்து அடிவரைக்கும் தலைமுடி விழுந்து கிடப்பதுபோல் ஒரு கோடு. முடியாகத்தான் இருக்கும் என்று நகத்தால் எடுக்கப் பார்த்தார். வரவில்லை. சட்டியைத் துடைத்து, செய்தித்தாள்மேல் வைத்து, பாதிவரைக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார். பத்து நிமிடத்தில் முதல் பக்கத்துச் செய்தி நனைந்துவிட்டது.

ஒரு சட்டிக்கு இவ்வளவு முழிப்பானேன் என்று யாரும் கேட்கலாம். விஷயம் சட்டியில் இல்லை. அவர் மனைவி ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பரிசோதிக்கிறவள். பதினொரு வருடமாக அரை நாள் வேலை. இப்போது முழுநேர வேலை வந்திருக்கிறது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் திரும்பலாம். ஒரு வாரம் போய்ப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலையில் சரி, இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் அவளுடைய அப்பா. அவருக்கு இருந்த பல்லையெல்லாம் போன மாதம்தான் பிடுங்கியிருக்கிறார்கள். புதுப் பல் செட் வர இன்னும் மூன்று வாரம். அதுவரைக்கும் கூழாக வெந்தால்தான் அவருக்குச் சாப்பாடு.

"சமையலை நான் பாத்துக்கறேன். காலைல போட்டு சுவிட்சைத் தட்டிட்டுப் போனா சாயங்காலம் வெந்திருக்கும். இதுல என்ன இருக்கு?" என்று மெத்தைக்காரர்தான் மார்தட்டினார்.

"முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்க. நான் அரை நாளுக்கே இருந்துக்கறேன்" என்றாள் அவள். சொன்ன விதத்திலேயே அவளுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. இந்த வாய்ப்பு இரண்டாம் தடவை வராது என்பதும் தெரியும்.

மூன்றாம் நாளே சட்டி கீறிவிட்டது.

"என்ன மாப்பிள்ளை, கடிகாரம் ஏதும் வாங்கினீங்களா?" என்று கேட்டுக்கொண்டே மாமனார் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசற்படியில் வந்து நின்றார். "டிக்குனு கேட்டுது. அப்புறம் சத்தத்தையே காணோம்."

"ஒண்ணுமில்ல மாமா."

"ஒண்ணுமில்லாததுக்கா பேப்பரை நனைச்சு வச்சிருக்கீங்க? நான் இன்னும் அதைப் படிக்கவே இல்ல."

மெத்தைக்காரர் சட்டியைத் திருப்பிக் காட்டினார். மாமனார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் கோட்டை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார்.

"கடைல கட்டில் ஒட்டுற பசை இருக்கு. கல்லு மாதிரி பிடிக்கும்" என்று இழுத்தார் மெத்தைக்காரர்.

"பல்லுதான் போச்சு. குடலையும் பிடுங்கிடலாம்னு பாக்கறீங்களா?"

"சரி மாமா, பசை வேண்டாம். வேற சட்டி வாங்கி வச்சிடறேன். உங்க மககிட்ட மட்டும்..."

மாமனார் ஒரு வாய் கஞ்சியை நிதானமாக விழுங்கினார். "டிவி ரிமோட்" என்றார்.

"ரெண்டு நாள்."

"பல்லு வர்ற வரைக்கும்."

"மாமா, மூணு வாரம் ரொம்ப அநியாயம். நாலு நாள்."

"சரி, அவளுக்கு ஒரு போன் போட்டு..."

ஒரு வாரத்துக்கு முடிந்தது. சாயங்காலச் செய்தி மட்டும் மாப்பிள்ளைக்கு, மீதியெல்லாம் மாமனாருக்கு. வாயில் பல் இல்லையே தவிர, பேரத்தில் கடி நன்றாகவே விழுந்தது.

உதிரிப்பாகக் கடை மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இருந்தது. கூரையிலிருந்து குக்கர் வளையங்கள் தொங்கின. மிக்ஸி ஜாடிகள் மூடி இல்லாமல் ஒரு பக்கமும், மூடிகள் ஜாடி இல்லாமல் இன்னொரு பக்கமும் அடுக்கியிருந்தன. கல்லாவில் ஐம்பது வயதுக்காரி ஒருத்தி, கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தே அவளை பார்ட்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடும்.

மெத்தைக்காரர் பையிலிருந்து குக்கர் மூடியை எடுத்து வைத்தார். "இதுக்கு உள்சட்டி வேணும்க்கா."

"குக்கரோட அடிப்பாகத்தைக் கவுத்துப் பாத்தீங்களா? ஒரு தகடு இருக்குமே. அதுல உள்ள நம்பரைச் சொல்லுங்க."

"நம்பர் எதுக்கு? மூடி பொருந்தினா சட்டி பொருந்தும்."

"பொருந்தாது சார். இந்த மூடி ரெண்டு அளவுக்கு வரும். சட்டிக்குச் சட்டி ஆழம் மாறும்." அவள் அலமாரியிலிருந்து இரண்டை இறக்கினாள். இரண்டும் முட்டை வடிவம். ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. வெள்ளையின் விலையைச் சொன்னாள். கறுப்பு அதைவிடக் கூட.

இங்கேதான் மெத்தைக்காரரின் அனுபவம் அவர் காலை வாரியது. அவர் கடையிலும் யாராவது சாதாரண மெத்தையைத் தொட்டால், 'உங்க முதுகுக்கு எது சரின்னு தெரியாம எப்படித் தர்றது?' என்று கவலையோடு கேட்டு, விலை கூடினதை இழுத்துப் போடுவது அவர் வழக்கம். அக்காவும் அதே ராகத்தைத்தான் பாடுகிறாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். வீட்டில் உடைந்தது வெள்ளை. இங்கே இருப்பதும் வெள்ளை. மூடியை வைத்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. விரல் மடக்கித் தட்டினார், மணிபோல ஒலித்தது. வேறென்ன வேண்டும்?

"வெள்ளையே குடுங்க. விலையைப் பாத்துச் சொல்லுங்க."

"சொன்ன விலைக்கு எடுத்தா ஒரு வாரத்துக்குள்ள மாத்தித் தருவேன். குறைச்சுக் கேட்டா குறைப்பேன், ஆனா திருப்பி எடுக்க மாட்டேன். எது வேணும், சொல்லுங்க."

"குறைங்க" என்றார் மெத்தைக்காரர், அவள் வாயை மூடுவதற்குள்.

கால்வாசி குறைந்தது. சந்து முனைவரைக்கும் அவர் நடக்கவில்லை, மிதந்தார்.

வீட்டுக்கு வந்து சட்டியை அடிப்பாகத்தில் இறக்கினார். இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. விளிம்பு அடிப்பாகத்தின்மேல் படியாமல் இரண்டு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது, தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்ட அண்ணன் மாதிரி. அழுத்திப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார். பிறகுதான் அடிப்பாகத்தைக் கவிழ்த்தார். தகடும் இருந்தது, தகட்டில் நம்பரும் இருந்தது.

"உசரமா இருக்கே மாப்பிள்ளை" என்றார் மாமனார், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

"வெந்தா சரியாயிடும் மாமா."

"சட்டியா?"

இடைவெளியில் பழைய துணியைச் சுற்றி அடைக்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. துணி தீப்பிடித்தால் மெத்தைக் கடைக்காரர் வீடே எரிந்துபோச்சு என்று ஊரே சிரிக்குமே என்று விட்டுவிட்டார். கறி, கேரட், உருளைக்கிழங்கு, உப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் போட்டு மூடி சுவிட்சைத் தட்டிவிட்டுக் கடைக்கு ஓடினார்.

சாயங்காலம் மனைவி வருவதற்குள் எல்லோருக்கும் தட்டில் போட்டு, குக்கரைத் துண்டால் மூடிவைத்தார். அவள் செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் களைப்பு தெரிந்தது. ஆனால் களைப்புக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. அன்றைக்கு அவளை ஒரு புது மெஷினில் உட்கார வைத்திருக்கிறார்கள். அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவள், ஒரு கேரட்டை வாயில் போட்டாள். 'கறுக்' என்றது. பேச்சு நின்றது.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு கேரட் துண்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுக்கவில்லை. வாக்கு வாக்குதான். ஆனால் துண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அவள் கோபப்பட்டிருந்தால்கூட மெத்தைக்காரருக்குத் தேவலையாக இருந்திருக்கும். எழுந்து போய், நாலு ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டுக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"பரவாயில்லங்க. உங்களுக்கும் கடை இருக்கு. நாளைக்கு ராத்திரி பேசிக்கலாம். நான் வேணும்னா எழுதிக் குடுத்துடறேன், அரை நாளே போதும்னு."

"ஒரு நாள் வேகலைன்னா..."

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றாள் அவள். புது மெஷினைப் பற்றி அதற்குப் பிறகு பேசவேயில்லை.

வியாழக்கிழமை காலை பார்ட்ஸ் அக்கா கடைக்கதவைத் தூக்கும்போதே மெத்தைக்காரர் வாசலில் நின்றார். ஒரு கையில் வெள்ளைச் சட்டி. மறு கையில், நம்பர் தகட்டை மேலே காட்டியபடி குக்கரின் அடிப்பாகமே.

"அக்கா, இது இறங்கல."

"இறங்காதுன்னுதானே சொன்னேன்."

"மாத்திக் குடுங்களேன். ஒரே ஒரு தடவைதான் அடுப்புல... மின்சாரத்துல வச்சது."

அக்கா பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி, சுவரைக் காட்டினாள். 'விலை குறைத்து வாங்கிய சாமான் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.' "நீங்களும் கடைக்காரர் மாதிரிதான் தெரியறீங்க. உங்க கடைல இப்படி ஒரு ஆள் வந்து நின்னா என்ன சொல்லுவீங்க?"

மெத்தைக்காரர் சுவர்ப் பலகையை ஒரு தடவை படித்தார். அவர் கடையிலும் அதே பலகை, இதைவிடப் பெரிய எழுத்தில், கீழே கோடு வேறு போட்டுத் தொங்குகிறது. நேற்றுத்தான் அதைக் காட்டி ஒரு வாத்தியாரைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

அக்கா தகட்டைப் படித்துவிட்டுக் கறுப்புச் சட்டியை எடுத்து அடிப்பாகத்தில் இறக்கினாள். விளிம்பு சுற்றிலும் படிந்தது. ஆடவில்லை.

"வெள்ளைல இதே அளவு இருக்கா?" வெள்ளை என்றால் மனைவிக்குத் தெரியாமலே முடித்துவிடலாம்.

"வர ரெண்டு வாரம் ஆகும். கறுப்புதான் இருக்கு."

ரெண்டு வாரத்தில் மனைவி எழுதிக் கொடுத்துவிட்டு அரை நாள் வேலைக்கே திரும்பியிருப்பாள். மெத்தைக்காரர் கறுப்புச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். விலையை அக்கா சொன்னாள். பழக்கதோஷத்தில் பேரம் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு குறைப்பாள் என்றுகூடக் கண்ணைப் பார்த்துக் கணித்துவிட்டார். கால்வாசி நிச்சயம். இரண்டாம் தடவை வந்தவர் என்பதால் இன்னும் கொஞ்சம்கூட விழும்.

"குறைக்கவா, மாத்தித் தர்றதா? எது சார்?"

"சொன்ன விலையே போட்டுக்கங்க" என்றார் மெத்தைக்காரர். யாரோ பின்னாலிருந்து பேசியதுபோல் அவருக்கே இருந்தது.

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். "உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். இதை எப்படி வச்சுக்கணும், அதையும் சொல்லிடுங்க."

"சூடா இருக்கும்போது தண்ணி காட்டாதீங்க. தொட்டுப் பாத்து கை பொறுக்கற மாதிரி ஆறினப்புறம் கழுவுங்க, அதுவும் வெதுவெதுப்பான தண்ணில. ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்து நேரா சூட்டுல வைக்காதீங்க. சூடான சட்டியைக் கல்லு மேல வைக்காதீங்க, கீழே ஒரு துண்டு போடுங்க. அடுப்பு நெருப்புல வைக்கவே கூடாது. இவ்வளவுதான்."

அவர் பில்லின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் குக்கரை அவர் மூடி மறைக்கவில்லை. மேஜைக்கு நடுவே, மடித்த துண்டின்மேல், கறுப்புச் சட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மனைவி உள்ளே வந்தாள். கைப்பை தோளில் இருக்க, அப்படியே நின்றாள்.

"இது நம்ம சட்டி இல்லையே."

"நம்ம சட்டி நேத்துக் காலைல போயிடுச்சு. சூட்டோட தண்ணில வச்சிட்டேன். பேசிப் பேசி வேற ஒண்ணு வாங்கினேன், அது இறங்கல. அதுலதான் நேத்து கேரட் வேகல. இது மூணாவது."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"எனக்கு எதுவும் தெரியாது" என்றார் மாமனார் கூடத்திலிருந்து, டிவி சத்தத்தைக் குறைக்காமலே.

அவள் கரண்டியால் ஒரு கேரட்டை எடுத்துத் தட்டில் வைத்து அழுத்தினாள். வெண்ணெய்போல் நசுங்கியது. பிறகு சட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என்ன விலை சொன்னாங்க?"

சொன்னார்.

"எவ்வளவுக்கு முடிச்சீங்க?"

"அதான் சொன்னேனே."

"இல்லங்க, கடைசியா எவ்வளவு குடுத்தீங்க?"

"சொன்ன விலைதான். குறைச்சா மாத்தித் தர மாட்டாங்களாம்." சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்து நீட்டினார்.

அவள் பில்லைப் படித்தாள். திருப்பினாள். பின்பக்கத்தில் அவர் கோணல் எழுத்தில் 'கை பொறுக்கணும். வெதுவெது. துண்டு. நெருப்பு கூடாது' என்று இருந்ததையும் படித்தாள். கூடத்தில் டிவி சத்தம் தானாகக் குறைந்தது.

"சொன்ன விலைக்கா?" என்று மாமனார் எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளையா?"

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து, கேரட் சாறு படாத இடமாகப் பார்த்து விரித்தாள்.

"பேனா குடுங்க" என்றாள்.

முழுநேரம் என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்புறம்தான் சாப்பாட்டில் கைவைத்தாள். புது மெஷின் ஒரே நேரத்தில் நாற்பது சோதனைக் குழாய்களைச் சுற்றுமாம். அதில் ஒன்றை அவள் மாற்றிச் செருகப்போக, பக்கத்தில் இருந்தவள் நல்ல நேரத்தில் கையைப் பிடித்தாளாம். மாமனார் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் மெத்தைக்காரர் சட்டியில் இருந்ததை வழித்து எடுத்துவிட்டு, அதைத் துண்டோடு தொட்டிப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். குழாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அந்த வெள்ளைச் சட்டியை என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார் மாமனார். "என் பல் செட்டை ஊறப்போட வச்சுக்கட்டுமா?"

"அது யானைப் பல்லுக்குத்தான் மாமா சரியா இருக்கும். வெங்காயம் போட்டு வைக்கலாம்."

"கழுவிட்டு வாங்க, செய்தி ஆரம்பிச்சாச்சு. உங்க அரை மணி நேரம் ஓடிட்டிருக்கு."

மெத்தைக்காரர் சட்டியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் ஆறல மாமா. நீங்க பாருங்க."