பீர் மைதீன் கேட்ட கேள்வி

தச்சநல்லூரில் பள்ளி எழுத்தராக இருக்கும் தேவசிகாமணி, அந்த ஆண்டில் மூன்றாவது தடவையாக பேண்ட்டின் இடுப்பைப் பிடித்துத் தரச் சொல்லி பீர் மைதீனின் தையல் கடைக்கு வந்தார். பதினைந்து வருடப் பழக்கம். டேப்பைச் சுற்றிப் பார்த்த பீர் மைதீன், அளவை எழுதாமல் நின்றார்.

"சார், மறுபடியும் ரெண்டு இஞ்சு கொறஞ்சிருக்கு. சாப்பாட்டக் கொறச்சிட்டீயளா?"

"இல்ல பாய். வயசாகுதுல்லா."

கடையில் வேறு யாரும் இல்லை. இருந்தும் பீர் மைதீன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நெனைக்காதீய. வெளிக்கிப் போகையில ரத்தம் போவுதா?"

தேவசிகாமணியின் முகம் சுருங்கியது. "மூலம். களிம்பு போடுதேன்."

"எங்க அண்ணனும் மூலம்னுதான் சொன்னாவ. நாலு நாள் வயிறு இறுகும், ஒரு நாள் இளகும். ஆளு மெலிஞ்சுகிட்டே வந்தாவ. கடைசில பாத்தா குடல்ல புற்றுநோய். நேரம் தப்பிப்போச்சு. நீங்க ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிருங்க, சார்."

"தைக்கக் குடுத்தா தைக்கிற வேலைய மட்டும் பாரும் வே!"

பேண்ட்டைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பத்தடி நடப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

கிறிஸ்துமஸ் துணி குவிந்து கிடந்த வாரம் அது. மறுநாள் மத்தியானம் பீர் மைதீன் கடையைப் பூட்டிவிட்டுத் தேவசிகாமணியின் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த அவர் மனைவி பியூலாவிடம் எல்லாவற்றையும் நேராகச் சொன்னார்.

"மாடி ஏற முடியலங்காவ. மொகமும் வெளுத்துக் கெடக்கு. ரத்தம் போறத மட்டும் எங்கிட்ட மறைச்சிட்டாவளே, அண்ணாச்சி!" என்றாள் பியூலா.

அடுத்த நாளே கணவரைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். உடம்பில் ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. குழாய் விட்டுக் குடலைப் பார்த்ததில் கட்டி தெரிந்தது, புற்றுநோய்தான். ஆனால் வேறெங்கும் பரவவில்லை. அந்தப் பகுதியை அறுத்து எடுத்தார்கள்.

வார்டுக்குப் பார்க்க வந்த பீர் மைதீனின் கையைத் தேவசிகாமணி விடவில்லை. "அப்படி ஏசினேனே. பொறவும் எப்படி பாய் வந்தீரு?"

"கூச்சமாத்தான் இருந்துச்சு, சார். அன்னைக்கி ரெண்டு தடவ ஒங்க தெரு முக்கு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்."

ஜூனில் வேலைக்குத் திரும்பிய தேவசிகாமணி, அலுவலகத்தில் எல்லாரிடமும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "ரத்தம் கண்டா மூலம்னு நீங்களா முடிவு கட்டாதீய. அந்த மனுஷன் வாய் தொறந்து கேக்கலன்னா நான் இங்கன நிக்க மாட்டேன்."

மாலையில் பியூன் முத்துமாலை சைக்கிள் நிறுத்தும் இடம்வரை கூடவே வந்து, அந்தப் பாளையங்கோட்டை டாக்டர் எந்தக் கிழமைகளில் இருப்பார் என்று மெல்லக் கேட்டார்.