கோலுக்குப் போன ஊர்

ஒரு மணிக்கூண்டின் விலை ஒரு கோல். அதுவும் சுத்தமான கோல் இல்லை. கார்னரிலிருந்து வந்த பந்து ஒருவன் தலையில் பட்டு, இன்னொருவன் தோளில் பட்டு, கடைசியில் கோலியின் முழங்காலில் இடித்துத் தானாக உள்ளே உருண்டது. அந்த நேரம் பார்த்து, மைதானத்தின் கிழக்கு மேட்டில் உட்கார்ந்திருந்த சலூன்காரர், தன் சொந்த ஊர்க் கடைவீதியில் நிற்கும் மணிக்கூண்டைப் பற்றிப் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை மணிக்கூண்டு வடக்கு கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்றது, செங்கல், சுண்ணாம்பு, புறா எச்சம் உட்பட. மூன்று பக்கம் கடிகாரம் ஓடியது, நான்காவது பக்கம் வெறும் சுவர். சலூன்காரர் அந்த ஊரில் இருந்தவரைக்கும் மணிக்கூண்டின் பின்பக்கம் போனதே இல்லை, அதனால் அதைப் பற்றிச் சொல்லவும் இல்லை. நகராட்சி ஆட்கள் வந்து அளந்தார்கள், அனுமதி பெறாத கட்டடம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள், போகும்போது அதைப் பார்த்துத் தங்கள் கைக்கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்த மேட்டில் உட்காருகிறவர்கள் எல்லாரும் ஒரே ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். லாரிப் பட்டறைப் பையன்கள் ஆடும் ஃபுட்பாலைப் பார்ப்பது ஒரு சாக்கு. ஆட்டம் அவ்வளவு மோசமாக இருந்ததால் ஊர்க்கதை பேச நிறைய நேரம் கிடைத்தது. அவர்களில் வாய் ஓயாதவர் கட்பீஸ்காரர். மில்களில் மிஞ்சும் துண்டுத் துணிகளை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் தள்ளுகிறவர், அரை மீட்டரை முக்கால் மீட்டராகத் தெரியும்படி மடிக்கத் தெரிந்தவர். ஊரில் அவருக்கென்று மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான். அம்மா போனபிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள், மாவு மில் வைத்திருந்தாள், கல்யாணத்துக்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்வாள். திங்கட்கிழமை காலை மில்லைத் திறப்பதற்கு முன் தம்பிக்குப் போன் போடுவது அவள் வழக்கம். அந்தத் திங்கட்கிழமையும் போட்டாள். “மணிக்கூண்டு காணோம்டா தம்பி,” என்றாள், வெங்காயம் விலை சொல்கிற குரலில். “பின்பக்கத்துக் கடிகாரம் மட்டும் அந்தரத்துல தொங்குது. டைம் சரியாத்தான் காட்டுது.”

இப்படித்தான் விதி என்னவென்று தெரியவந்தது. பட்டறை டீம் கோல் போடும்போது மேட்டில் எதைப் பற்றிப் பேச்சு நடக்கிறதோ அது ஊரை விட்டுக் கிளம்பி இங்கே வந்துவிடும். சொன்னது வரும். சொல்லாமல் விட்டது அங்கேயே நிற்கும். எதிரணி கோலுக்கு ஒன்றும் நகரவில்லை. அது அவர்கள் ஊர்க்காரர்கள் பாடு. அடுத்த சீசனில் பொதுக்கிணறு வந்தது, கல், கப்பி, கயிறு வரைக்கும். தண்ணீரைப் பற்றிச் சொல்வதற்குள் பந்து வலையில் விழுந்துவிட்டதால் தண்ணீர் வரவில்லை. அங்கே அது சுவர் இல்லாமல் உருளையாக நிற்கிறது என்றும் ஜனங்கள் பக்கவாட்டில் குடத்தை நுழைத்து மொள்ளுகிறார்கள் என்றும் அக்கா சொன்னாள். அதற்கடுத்து ஓர் ஆளே வந்தார். ரிட்டயர்டு தபால்காரர் தன் தாய்மாமாவைப் பற்றி நிதானமாகச் சொல்லி முடித்தபோது ஃப்ரீகிக் ஒன்று உள்ளே போனது. மறுநாள் மாமா குடையும் செருப்புமாக மேட்டில் உட்கார்ந்திருந்தார். தபால்காரர் சொல்ல மறந்தது மாமாவின் இருமலை மட்டும்தான். மாமா இங்கே புது மனுஷனாகச் சுற்றினார். ஊரில் அவருடைய வெறும் கட்டிலில் விடியற்காலையில் இருமல் மட்டும் எழுந்து அரைமணி நேரம் இருமிவிட்டு அடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் விளக்கு வைத்தார்கள், பிறகு வீட்டைக் காலி செய்தார்கள்.

முதலில் இதையெல்லாம் லாபமாகத்தான் நினைத்தார்கள். யார் பேசுவது என்று கார்னர் கிக்குக்குக் கார்னர் கிக் பேரம் நடந்தது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் போன் பண்ணித் திட்டத் தொடங்கியபிறகுதான் பயம் வந்தது. பந்து பெனால்ட்டி பாக்ஸுக்குள் நுழைந்தால் மேட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று முடிவாயிற்று. மற்ற ஊர்க்காரர்கள் அதை ஆட்டத்தின் மேல் உள்ள மரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள். வாயை மூடியும் பிரயோஜனம் இல்லை. பேச்சு இல்லாவிட்டால் கோல் மனசுக்குள் கையை விட்டு, மேலாக இருப்பதை எடுத்துக்கொண்டு போயிற்று. இரண்டு வாரம் மைதானத்துப் பக்கமே போகாமல் வீட்டில் இருந்து பார்த்தார்கள். கோல் விழுந்த சத்தம் ஜன்னல் வழியாக வந்தது, யார் மனசில் என்ன இருந்ததோ, பள்ளிக்கூடத்தின் பாதி வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு, மேட்டிலேயே உட்கார்ந்து வேண்டாத சரக்காகப் பார்த்துத் தள்ளிவிடுவதுதான் புத்தி என்று கட்பீஸ்காரர் யோசனை சொன்னார். வரி ஆபீஸை வாசற்படி முதல் ரப்பர் ஸ்டாம்ப் வரை எல்லாருமாக ஒப்பித்தார்கள். அது ஒரு பழுதும் இல்லாமல் வந்து இறங்கியது. அந்த வாரமே கிளார்க் மேட்டுக்கு ஏறிவந்து அவரவர் பழைய பாக்கியைக் கேட்டார்.

டீம் மோசமாக இருந்தவரைக்கும் ஊர் பிழைத்தது. வருஷத்துக்கு நாலைந்து கோல், அதைத் தாங்குகிற அளவுக்கு அந்த ஊரில் சாமான் இருந்தது. பிறகு பட்டறைக்கு வெல்டர் ஒருவன் வேலைக்கு வந்தான். ஒல்லியான பையன், அதிகம் பேசமாட்டான், கண்ணுக்கு எதிரே நெருப்பை வைத்துக்கொண்டு வேலை செய்து பழகியதாலோ என்னவோ எதிரில் எத்தனை பேர் நின்றாலும் அவன் பார்வை கலங்காது. வந்த முதல் ஆட்டத்திலேயே மூன்று அடித்தான். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது; கிழக்கு மேடு மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தது. அதற்கப்புறம் ஊர் கிளியரன்ஸ் சேலில் போவது மாதிரிப் போனது. பள்ளிக்கூடத்தின் மீதிப் பாதி போனது, ஆஸ்பத்திரி போனது, நூல்நிலையம் போனது, மார்க்கெட் போனது. வழி இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். கட்பீஸ்காரர் வாராவாரம் அக்காவைக் கூப்பிட்டார். புது மோட்டாருக்கு இன்னும் தவணை முடியவில்லை, அதை யார் தலையில் கட்டிவிட்டு வருவது என்று அவள் வாராவாரம் மறுத்தாள்.

அவளையும் மில்லையும் காப்பாற்றக் கட்பீஸ்காரர் தன் தொழில் சாமர்த்தியத்தையெல்லாம் காட்டினார். வெல்டர் காலுக்குப் பந்து வந்ததும் முந்திக்கொண்டு எதையாவது எடுத்து விரிப்பார். மில்லுக்குத் தொலைவில் இருக்கும் மலிவான சரக்காக, யாரும் உட்கார்ந்து அழமாட்டாத சரக்காகத் தேடித் தேடிச் சொன்னார். பஸ் ஸ்டாண்டைச் சொன்னார். அது வந்தது, பட்டறைக்காரர்கள் அதில் லாரி நிறுத்தினார்கள். பாலத்தைச் சொன்னார்; அது ஆறில்லாமல் வந்து மைதானத்து ஓரத்தில் குனிந்து நின்றது, பையன்கள் அதன் மேல் ஈரச் சட்டைகளைக் காயப்போட்டார்கள். தார் ரோட்டைச் சொன்னார். அது வந்து மேட்டைச் சுற்றிப் பாம்பு மாதிரிச் சுருண்டு கிடந்தது. ஒவ்வொரு தடவையும் மில் தப்பித்தது. ஆட்டம் முடிந்து போகும்போது மற்றவர்கள் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோல் விழுகிற நொடியில் தபால்காரர் மனசில் அந்த மில்லில் மிளகாய் அரைக்கிற நெடி வந்து போய்விட்டது. மறுநாள் காலை மாவு மில்லின் பெயர்ப் பலகை கார்னர் கொடிக்குப் பக்கத்தில் செருகி நின்றது. தபால்காரர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், வேண்டுமென்று நினைக்கவில்லை, தும்மல் வந்தது, கூடவே அதுவும் வந்துவிட்டது என்றார். கட்பீஸ்காரர் அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டு, மோட்டார் தவணையை நான் கட்டுகிறேன், இன்றைக்கே கிளம்பு என்றார்.

“கிளம்பறேன்,” என்றாள் அக்கா. இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை. “எது வழியா வர்றது? பஸ் ஸ்டாண்ட் இல்ல, பாலம் இல்ல, ரோடும் இல்ல. மில் வாசல்ல நின்னா நாலு பக்கமும் வானம்தான்டா தெரியுது, காலுக்குக் கீழயும் சேர்த்து. எந்தப் புண்ணியவான் அதையெல்லாம் எடுத்துக் குடுத்தான்னு கொஞ்சம் விசாரி.”

அவர் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கடைசி வீட்டைக் காப்பாற்ற, வெளியே வரும் வழியை மலிவு விலைக்குத் தள்ளிவிட்டவர் அவர்தான். இனி அவள் வருவதென்றால் ஒரு கோலில் ஏறித்தான் வரவேண்டும், அதற்கும் அதிக நாள் இல்லை. வெல்டருக்குக் கப்பல் பட்டறையில் வெளிநாட்டு வேலை கிடைத்திருந்தது. அடுத்த ஞாயிறு ஆட்டம் முடிந்ததும் கிளம்புகிறான். அவன் போய்விட்டால் பட்டறை டீம் எப்போது கோல் போடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் இன்னொருவர் தும்மினால் அவள் எத்தனை துண்டாக வந்து சேருவாள் என்றும் சொல்ல முடியாது.

அந்த வாரம் முழுக்கக் கடை மதியமே மூடியது. பல வருஷமாக நேரில் பார்க்காத அக்காவைப் போனில் அளவெடுத்தார். அவர் மனசில் இருந்தவள் முப்பது வயதுக்காரி. அப்படியே சொன்னால் அப்படியேதான் வருவாள், மிச்ச வருஷமெல்லாம் அங்கே தனியாக நிற்கும். அதனால் அவளே தன்னைச் சொன்னாள். “வலது முழங்கால் மடங்காது. முன்பல்லு ஒண்ணு போயிடுச்சு. இடது கையில மோட்டார் பெல்ட் அறுத்த தழும்பு இருக்கு, அது நீ பார்க்காதது. கோபம் குறையல, அதையும் சேர்த்துக்க. அழகா இருக்கட்டும்னு எதையாவது மடிச்சு மறைச்சுடாதடா தம்பி. உன் கடை வித்தையெல்லாம் என்கிட்ட வேண்டாம்.” அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஆயிரம் துண்டுத் துணியின் நீளமும் நிறமும் மனப்பாடமாக இருக்கிறவருக்கு ஓர் அக்கா பெரிய பாரமில்லை என்று நினைத்தார்.

பிறகு பட்டறைக்குப் போய் வெல்டரைப் பார்த்தார். தான் குடையைத் தூக்கிக் காட்டுகிறவரைக்கும் கோல் விழக் கூடாது, தூக்கியதும் விழவேண்டும் என்றார். வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு யோசித்தான். “அண்ணே, அடின்னா அடிச்சுடுவேன். அடிக்காம காலுல வெச்சுக்கிட்டே இருன்னா அது வேற வேலை,” என்றான். அதற்குக் கூலியாக ஒரு சட்டைத் துணி கேட்டான், ஒட்டுத் துண்டு இல்லாமல். கட்பீஸ்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல், வேறு கடையில் முழுப் பீஸிலிருந்து வெட்டி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

கடைசி ஆட்டத்தின் முதல் பாதியில் வெல்டர் பந்தைத் தொடவே இல்லை. இரண்டாம் பாதி விசில் ஊதியதும் கட்பீஸ்காரர் ஆரம்பித்தார். மேட்டில் மற்ற எல்லாரும் வேறு நினைப்பு வந்துவிடாதபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மில்லின் இரும்புக் கதவு, கீழ்க் கீலில் வரும் சத்தம், மாவு படிந்து வெள்ளையாகிப்போன ஒட்டடை, புது மோட்டார், பழைய தராசு என்று தொடங்கி அக்காவுக்கு வந்தார். கீழே வெல்டர் பந்தைக் காலில் ஒட்டவைத்தபடி எதிரணியைச் சுற்றிச் சுற்றி வந்தான். கோல் வாசல் வரைக்கும் போவான், திரும்பிவிடுவான். ரெஃப்ரி இரண்டு தடவை விசிலை வாய்க்குக் கொண்டுபோய், எந்தத் தப்புக்கு ஊதுவது என்று தெரியாமல் இறக்கிக்கொண்டார். முழங்கால் சொல்லியாயிற்று. பல் சொல்லியாயிற்று. தழும்பு, நரை, கோபம், சில்லறை எண்ணும்போது உதடு அசைவது, உட்காரும்போது விடுகிற பெருமூச்சு, ஒன்று விடாமல் எடுத்துப் போட்டார். இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது அவருக்கு மறந்துபோகவில்லை. நல்ல உருப்படியைக் கடைசியில் எடுத்து விரிப்பது கடைக்காரர் பழக்கம். நாற்பது வருஷம் அப்படித்தான் வியாபாரம் செய்திருந்தார். ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தச் செருமலுக்குள், ஓடி ஓடிச் சலித்துப்போயிருந்த, எதிரணியில் கோலுக்கு முன் தடுத்து நிற்கிற பேக் ஒருவன் ஆத்திரத்தில் காலை நீட்டினான். வெல்டர் விலகிக்கொண்டான். பந்து அந்த பேக்கின் கணுக்காலில் பட்டு, அவர்கள் வலைக்குள்ளேயே உருண்டு போனது. சேம் சைடு கோல். பட்டறைக் கணக்கில்தான் அது சேர்ந்தது. குடை தூக்கப்படாமலே மடியில் கிடந்தது.

மறுநாள் காலை கார்னர் கொடிக்குப் பக்கத்தில், பெயர்ப் பலகைக்கு நேர் கீழே மாவு மில் நின்றது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா வாசலில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பல் இல்லாத இடத்தில் பல் இல்லை, தழும்பு சரியான கையில் இருந்தது. கட்பீஸ்காரர் ஓடிவந்து எதிரில் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள், புதுக் கடைத்தெருவில் முதல் போணிக்கு வந்தவரைப் பார்க்கிற மாதிரி.

“எத்தனை கிலோ சார்?” என்றாள். “அரைக்க ஒண்ணும் கொண்டுவரலையே?”

அவர் கடைசிக்கு வைத்திருந்தது அவள் அவரைக் கூப்பிடுகிற விதம். தம்பி என்கிற சொல்லும், அதைச் சொல்லும்போது கொஞ்சம் இறங்கும் குரலும், அது இருக்கிறதால்தான் அவள் அவருக்கு அக்கா என்பதும். மற்றதெல்லாம் வந்துவிட்டது, அது வரவில்லை. அவர் திரும்பிப் போய்க் கடையில் இரண்டு கிலோ கோதுமை வாங்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். அன்றிலிருந்து தினமும் நிற்கிறார். வீட்டில் தின்று தீராத மாவு மூட்டை மூட்டையாக இருக்கிறது. இவ்வளவு மாவை என்னதான் பண்ணுகிறீர்கள் சார் என்று அவள் ஒரு தடவை கேட்டாள். எடையில் கொஞ்சம் ஏமாற்றவும் செய்கிறாள். அதைக்கூட அவர் விடாமல் சொல்லியிருந்தார்.

அவளுடைய போன் அவளோடு வந்துவிட்டது, இடுப்பில் செருகித்தான் இருக்கிறது. ஆனாலும் திங்கட்கிழமை காலையில், மில் திறப்பதற்கு முன், அதே நம்பரிலிருந்து கட்பீஸ்காரருக்கு அழைப்பு வருகிறது. எடுத்தால் தூரத்தில் ஒரு கடிகாரம் ஓடுவது கேட்கும், கட்டில் பக்கமிருந்து யாரோ இருமுவது கேட்கும். பிறகு ஒரு குரல், “தம்பி,” என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். அவர், “இந்த வாரமும் இல்லக்கா,” என்பார். வெல்டரை நம்பியே ஆடிப் பழகிய பட்டறை டீம், அவன் போனபிறகு மூன்று சீசனாக ஒரு கோலும் போடவில்லை. ஞாயிறு தவறாமல் அவர் மேட்டில், மடியில் குடையோடு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு சொல்லை நாக்கு நுனியில் எடுத்து வைத்திருக்கிறார். மேட்டில் மற்றவர்களும் இப்போது ஊர்க்கதை பேசுவதில்லை, பேச ஊர் இல்லை. ஆட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள். மணிக்கூண்டு மூன்று பக்கமும் சரியான நேரம் காட்டுகிறது.

கணக்கு இவ்வளவுதான். இங்கே வரவு: ஓர் ஊர். அங்கே மிச்சம்: ஒரு கடிகார முகம், ஒரு கிணற்றுத் தண்ணீர், ஓர் ஆறு, ஓர் இருமல், ஒரு சொல். பாக்கி: ஒரு கோல்.